குணுக்கு யார் காதுக்கு?

ஓணம் நெருங்க நெருங்கக் கொச்சியின் காக்கநாட்டு அடுக்ககங்களில் சனிக்கிழமை இரவுகள் களைகட்டுகின்றன. நமக்கு வந்த கடிதங்களிலும் அதே வாடை. "எந்தச் சீட்டு ஆடலாம்? யாரோடு ஆடலாம்? எதுவரைக்கும் போகலாம்?" ஆகவே இந்தப் பகுதி முழுவதும் சீட்டுக்கட்டுக்கே.

கேள்வி: சனிக்கிழமை எங்கள் ஃப்ளாட்டில் எட்டுப் பேர் கூடுகிறோம். மூன்று பேர் தமிழ், நாலு பேர் மலையாளம், ஒருத்தர் பெங்காலி. ரம்மி அலுத்துவிட்டது. விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும், கொஞ்சம் ஏடாகூடமாகவும் இருக்க வேண்டும். சிகாகோவிலிருந்து வந்த நண்பன் 'கார்ட்ஸ் அகெய்ன்ஸ்ட் ஹியூமானிட்டி' பெட்டியோடு நிற்கிறான். பிரிக்கலாமா?
— இன்ஃபோபார்க் ஊழியர், காக்கநாடு

பதில்: பிரித்துப் பாருங்கள், ஆட வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

அதன் விதி அருமையானது. கறுப்புச் சீட்டில் ஒரு வாக்கியம், நடுவில் ஒரு கோடிட்ட இடம். ஒருவர் நடுவர். மற்றவர்கள் தங்கள் கையிலுள்ள வெள்ளைச் சீட்டுகளில் ஒன்றை அந்த இடத்துக்குக் கவிழ்த்துப் போட வேண்டும். எது நடுவரை அதிகம் சிரிக்க வைக்கிறதோ அதற்குப் புள்ளி. 1999இல் வந்த 'ஆப்பிள்ஸ் டு ஆப்பிள்ஸ்' என்ற சாதுவான குடும்ப ஆட்டத்துக்கும் விதி இதேதான். சிகாகோவை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் ஒரே பள்ளியில் படித்த நண்பர்கள் சிலர் புத்தாண்டு விருந்துக்காகத் தாங்களே எழுதி ஆடிய சீட்டுதான் 'கார்ட்ஸ் அகெய்ன்ஸ்ட் ஹியூமானிட்டி'. பிறகு இணையத்தில் பணம் திரட்டி 2011இல் பெட்டியாக வெளியிட்டார்கள். அவர்களின் துணிச்சலுக்கு ஓர் உதாரணம்: 2014 நவம்பரில், அமெரிக்காவே தள்ளுபடிக்கு அலையும் வெள்ளிக்கிழமையில், காளைச் சாணத்தைக் காயவைத்துப் பெட்டியில் அடைத்து 6 டாலருக்கு விற்றார்கள். 30,000 பெட்டியும் தீர்ந்தன!

ஆனால் உங்கள் மேஜையில் அது எடுபடாது. அந்தச் சீட்டுகளில் வருகிறவர்கள் அமெரிக்க அரசியல்வாதிகள், தொலைக்காட்சிப் பிரபலங்கள். "இவர் யார்?" என்று பெங்காலி நண்பர் கேட்டு நீங்கள் விளக்கி முடிப்பதற்குள் சிரிப்பு செத்துவிடும். இரண்டாவது, நகைச்சுவை முழுவதும் அச்சாகியே வருகிறது. நீங்கள் எடுத்துப் போடுவதோடு சரி, அதே சீட்டு மறுமுறை வந்தால் உதடுகூட அசையாது. மூன்றாவது காரணம்தான் எனக்குப் பெரியது. நோய், சாவு, இனம், உடல் ஊனம் எல்லாம் அங்கே கேலிப்பொருள். எட்டுப் பேரில் யார் வீட்டில் போன வருஷம் என்ன நடந்தது என்று உங்களுக்கு முழுக்கத் தெரியுமா?

விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லாபநோக்கமின்றிப் படியெடுத்து மாற்றி ஆட அந்த நண்பர்களே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஸ்டேஷனரிக் கடையில் கெட்டி அட்டை வாங்கி வெட்டுங்கள். வந்தவர்கள் ஆளுக்குப் பத்து வெள்ளைச் சீட்டு எழுதட்டும். வாட்ஸ்ஆப்பில் தட்டுகிற மாதிரி ஆங்கில எழுத்தில் எழுதினால் எட்டுப் பேரும் படித்துவிடலாம். கறுப்புச் சீட்டுக்கு நான் முதல் வரி தருகிறேன்: "வைற்றிலா சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்றபோது எனக்கு ஞானம் தந்தது ______." இதற்கு 'ஓனர் அங்கிளின் குட்மார்னிங் மெசேஜ்', 'மழையில் நனைந்த சாக்ஸ்', 'அப்ரைசல் அன்றைக்கு மட்டும் சிரிக்கும் மேனேஜர்', 'அம்மா பார்சலில் அனுப்பின மாவடு' என்று ஒவ்வொன்றாக விழுவதைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரே ஒரு நிபந்தனை: தன்னைப் பற்றியும் ஊரைப் பற்றியும் எவ்வளவு அட்டகாசமாகவும் எழுதலாம், எதிரே உட்கார்ந்திருப்பவரின் உடம்பு, சாதி, மதம், கல்யாணம் ஆகிய நான்கும் சீட்டில் ஏறக் கூடாது.

கேள்வி: ஊனோவில் ஒருவர் '+4' போட்டால் அடுத்தவர் அதன் மேல் இன்னொரு '+4' போட்டு எட்டாக்கித் தள்ளிவிடலாமா? இதனால் என் தம்பியோடு ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை.
— வாசகி, பாலாரிவட்டம்

பதில்: கூடாது. 2019இல் ஊனோ நிறுவனமே ட்விட்டரில் அப்படிச் சொல்லிவிட்டது. உலகமே அதோடு சண்டைக்குப் போனது. இதைவிட ருசியான ஒரு விதி பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. கையில் அந்த நிறம் இல்லாதபோதுதான் '+4' போடலாம். "இருக்குடா உங்கிட்ட!" என்று அடுத்தவர் சவால் விட்டால் போட்டவர் கையைக் காட்ட வேண்டும். பொய் என்றால் நாலு சீட்டு அவருக்கே. உண்மை என்றால் சவால் விட்டவருக்கு ஆறு. ஊனோவை 1971இல் உருவாக்கியவர் ஒஹாயோ மாநிலத்து முடிதிருத்துநர் மெர்ல் ராபின்ஸ். அவருக்கும் மகனுக்கும் வேறொரு சீட்டாட்ட விதியில் வந்த தகராறுதான் அதற்குக் காரணம் என்பார்கள். குடும்பச் சண்டையில் பிறந்த ஆட்டம் அது. தம்பிக்கு இன்றைக்கே போன் போடுங்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து மாமியார் வருகிறார். சீட்டுக்கட்டைக் கண்டாலே முகம் சுளிப்பார். ஆனால் அவரைத் தனியே டி.வி. முன்னால் உட்கார வைத்துவிட்டு நாங்கள் மட்டும் சிரிப்பதற்கு மனசு வரவில்லை.
— இல்லத்தரசி, திருக்காக்கரை

பதில்: கடைசி வாக்கியத்துக்காக உங்களுக்கு ஒரு கும்பிடு. அவர் சுளிப்பது பணம் வைத்து ஆடும் சீட்டை நினைத்துத்தான். "அத்தை, கழுதை ஆடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். கோடை விடுமுறையில் திண்ணையில் அதை ஆடாத பிள்ளைகள் அந்தக் காலத்தில் குறைவு.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துங்கள். 52 சீட்டையும் பங்கிட வேண்டும். இஸ்பேட் ஆசு வைத்திருப்பவர் தொடங்குவார். இறங்கிய ஜாதியையே எல்லோரும் போட்டால் அந்தச் சீட்டுகள் ஒழிந்தன. பெரிய சீட்டு போட்டவர் அடுத்து இறங்குவார். அந்த ஜாதி இல்லாதவர் வேறெதையாவது போட்டு வெட்டினால், அதுவரை பெரிய சீட்டு போட்டிருந்தவர் அத்தனையையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கை காலியானவர்கள் தப்பித்தார்கள். கடைசிவரை சீட்டோடு நிற்பவர் கழுதை. எட்டு வயதுப் பொடியனும் எழுபது வயதுப் பாட்டியும் சரிசமமாக ஆட முடிந்த ஆட்டம் இதைப் போல் வேறில்லை. கேரளத்திலும் இதற்குக் கழுதை என்றுதான் பெயர், அதனால் பக்கத்து வீட்டுச் சேச்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். பஞ்சாபில் இதையே 'பாபி' என்பார்கள். தோற்றவர் அங்கே அண்ணி.

ஓர் எச்சரிக்கை. மாமியார் தோற்றால் "நீங்கதான் கழுதை" என்று நீங்கள் அறிவிக்காதீர்கள், உங்கள் கணவரும் வேண்டாம். பேரன் அறிவிக்கட்டும். பாட்டியைக் கழுதை என்று சொல்லிவிட்டு அதே பாட்டியிடம் முறுக்கும் வாங்கித் தின்னும் உரிமை உலகத்தில் பேரப்பிள்ளைகளுக்கு மட்டும்தான் உண்டு.

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து இங்கே குடியேறி நாலு வருஷம். கடைத் திண்ணையில் பெரியவர்கள் சீட்டாடுகிறார்கள். ஒருத்தர் காதில் இலை தொங்குகிறது! வேண்டுதலா, வைத்தியமா?
— வாசகர், மட்டாஞ்சேரி

பதில்: இரண்டும் இல்லை. அவர் தோற்றுப்போனவர்! தொங்குவது குணுக்கு.

நீங்கள் பார்த்தது இருபத்தெட்டு. உங்களுக்குப் பக்கத்திலேயே இப்படியொரு பொக்கிஷம் இருக்கும்போது மற்றவர்கள் பெட்டிப் பெட்டியாகச் சீட்டு வாங்குகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளிகள். ஏழு முதல் ஆசு வரை 32 சீட்டு மட்டும். ராஜாவுக்கும் ராணிக்கும் இங்கே மதிப்பே கிடையாது. ஜாக்கிதான் தலைவர், 3 புள்ளி. அடுத்தது ஒன்பது, 2 புள்ளி. ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நாலு ஜாதிக்கும் கூட்டினால் 28. முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அதை வைத்துக்கொண்டே "நாங்கள் இத்தனை புள்ளி எடுப்போம்" என்று கேட்க வேண்டும். அதிகம் கேட்டவர் துருப்பைத் தேர்ந்து, அந்தச் சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அது எந்த ஜாதி என்று கூட்டாளிக்கும் தெரியாது! பிறகு மிச்ச நாலு சீட்டு. இறங்கிய ஜாதி கையில் இல்லாத ஒருவர் துருப்பைக் காட்டச் சொல்லும்வரை மேஜையில் ரகசியம்தான். மனைவி எந்தத் துருப்பை வைத்திருப்பாள் என்று கணவன் எதிரே உட்கார்ந்து முழிக்கிற முழி இருக்கிறதே, அதை எந்த வெளிநாட்டுப் பெட்டியிலும் அச்சடிக்க முடியாது.

பணயம் பணமல்ல. வெற்றி தோல்விக் கணக்குக்காக வைத்திருந்த காய்களையெல்லாம் இழந்த அணி காதில் குணுக்கு மாட்ட வேண்டும். இலையோ காகிதமோ, அகப்பட்டது எதுவானாலும் சரி. ஜெயிக்கும்வரை கழற்ற முடியாது. மீசை வைத்த பெரிய மனிதர் இரண்டு காதிலும் இலை ஆட, நெற்றியைச் சுருக்கி அடுத்த கேள்வி கேட்பார். அவர் மனம் புண்படுவதில்லை, ஏனென்றால் போன வாரம் அதே இலை எதிரணிக்காரர் காதில் இருந்தது. ஏடாகூடமான ஆட்டம் வேண்டும் என்று காக்கநாட்டு நண்பர் கேட்டாரே, இதைவிட ஏடாகூடம் எது?

ஆறு பேர் இருந்தால் ஐம்பத்தாறு ஆடலாம். இரண்டு கட்டிலிருந்து 48 சீட்டு, மூன்று மூன்று பேராக அணி. கேட்கிற எண்ணிலேயே கூட்டாளிக்குச் சங்கேதம் அனுப்புவது அதில் ஒரு கலை. யாழ்ப்பாணத்தார் உயிரை விடும் முந்நூற்று நாலும் இந்தக் குடும்பம்தான். அங்கேயும் ஜாக்கிதான் பெரியவர், அடுத்தது ஒன்பது. ஜாக்கியையும் ஒன்பதையும் உச்சியில் வைக்கும் வழக்கம் ஐரோப்பாவின் 'யாஸ்' ஆட்டங்களுடையது. அதை இந்தப் பக்கம் கொண்டுவந்தவர்கள் டச்சுக்காரர்களாக இருக்கலாம் என்று சீட்டு வரலாறு எழுதுகிறவர்கள் கருதுகிறார்கள். 1658இல் யாழ்ப்பாணமும் 1663இல் கொச்சியும் அவர்கள் கைக்குப் போனதை வைத்துப் பார்த்தால் எனக்கும் அது சரியாகவே படுகிறது.

திண்ணைப் பக்கம் போய் "சேட்டா, ஒரு கை பழக்கித் தருவீங்களா?" என்று கேளுங்கள். முதல் வாரம் குணுக்கு உங்களுக்குத்தான், அதற்கு மட்டும் தயாராகப் போங்கள்.

கேள்வி: பாயிண்ட்டுக்கு ஒரு ரூபாயாவது வைத்தால்தான் சுவாரசியம் என்கிறார் எங்கள் சித்தப்பா.
— கல்லூரி மாணவர், களமசேரி

பதில்: சித்தப்பாவுக்கு என் வணக்கம், ஆனால் உடன்பாடில்லை. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆட்டத்தை வைத்து இடத்துக்காரர் லாபம் பார்த்தால் கதை வேறு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் அடியோடு தடை செய்துவிட்டது. அந்த ஆட்டங்களில் கடனாகி உயிரையே விட்ட பிள்ளைகளின் வீடுகளைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு ரூபாய் வைத்த நிமிஷத்திலிருந்து எல்லோரும் எண்ணத் தொடங்குவார்கள், சிரிப்பு நின்றுபோகும். தோற்ற அணி அத்தனை பேருக்கும் கட்டன்சாயா போட்டுத் தர வேண்டும் என்று வையுங்கள். சித்தப்பா போடும் சாயாவில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்ற விவாதமே அரை மணி நேரம் ஓடும்.

கேள்வி: டீம் அவுட்டிங்கில் 'பெரியவர்களுக்கு மட்டும்' ரகச் சீட்டு ஆடலாம் என்கிறார் எங்கள் லீட். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். எனக்குச் சங்கடமாக இருக்கிறது.
— வாசகி, காக்கநாடு

பதில்: உங்கள் சங்கடம் நியாயமானது. தலையாட்டியவர்களில் இன்னும் சிலருக்கும் அது இருக்கும். அப்ரைசல் எழுதுகிறவர் கேட்கும்போது 'வேண்டாம்' என்பது எல்லோராலும் முடியாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேலை நிமித்தமாகப் போகிற இடமும் பணியிடம்தான். ரிசார்ட் என்பதால் விதி மாறாது. லீடிடம் இதை நேராகச் சொல்லலாம். தயக்கமாக இருந்தால் மனிதவளப் பிரிவிடம் சொல்லுங்கள், அதில் தவறே இல்லை.

கேள்வி: பதினாலு பேர் வருகிறார்கள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு பழைய சீட்டுக்கட்டு.
— வாசகர், எடப்பள்ளி

பதில்: தாராளமாகப் போதும். பதினைந்தாவதாக நீங்கள் சூத்திரதாரி. மூன்று ஜாக்கி, ஒரு ராஜா, பத்து எண் சீட்டு எடுத்துக் கலைத்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஜாக்கிகள் திருடர்கள், ராஜா போலீஸ், மற்றவர்கள் ஊர்ஜனம். நீங்கள் "ராத்திரி" என்றதும் எல்லோரும் கண்ணை மூட வேண்டும். திருடர்கள் மட்டும் கண் திறந்து, ஓசையில்லாமல் ஒருவரைக் கைகாட்டி ஒழிப்பார்கள். பிறகு போலீஸ் மட்டும் கண் திறந்து ஒருவரைச் சுட்டுவார். அவர் திருடனா என்று நீங்கள் தலையசைத்துச் சொல்ல வேண்டும். விடிந்ததும் பஞ்சாயத்து. யார் திருடன் என்று வாதாடி, ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியேற்ற வேண்டும். நம் பிள்ளைகள் துண்டுச் சீட்டில் ஆடும் ராஜா ராணி போலீஸ் திருடனுக்கு இது அண்ணன் முறை. 1986இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்துக்கொண்டிருந்த திமித்ரி தவிதோஃப் உருவாக்கி, 'மாஃபியா' என்று உலகம் சுற்றிய ஆட்டம். வாயே திறக்காத உங்கள் ஒன்றுவிட்ட அக்கா எப்படிப் பொய் சொல்கிறார் என்பதை அன்றைக்குத்தான் பார்ப்பீர்கள். வெளியேறியவர்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பாதீர்கள். வாயை மூடிக் கண்ணைத் திறந்துகொண்டு அவர்கள் பார்க்கும் ராத்திரிதான் ஆட்டத்திலேயே பெரிய வேடிக்கை.

கேள்வி: எங்கள் சிரிப்புச் சத்தம் தாங்காமல் கீழ் வீட்டுச் சேட்டன் பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டுகிறார். என்ன செய்யலாம்?
— ஐந்தாம் மாடி வாசகர், காக்கநாடு

பதில்: முதலில் நாற்காலிகளை ஓரங்கட்டிப் பாய் விரித்து உட்காருங்கள், அவரைப் பாதி எழுப்புவது நாற்காலி இழுபடும் சத்தம்தான். பத்துக்கு மேல் ஊனோ, மாஃபியா போன்ற கூச்சல் ஆட்டங்களை மூட்டை கட்டிவிட்டு, வீண் பேச்சே கூடாத இருபத்தெட்டை எடுங்கள். அதற்கு நாலாவது கை அவர்தான். இந்த வாரமே இறங்கிப் போய், பழம்பொரி ஒரு தட்டு கொடுத்துக் கூப்பிட்டுவிட்டு வாருங்கள். அவர் துருப்பைக் கவிழ்த்து வைக்கும் லாகவத்தைப் பார்த்தால் நீங்கள் கதவைத் திறந்தே வைத்திருப்பீர்கள்.