நடுவில் யார்? சிறிய கார் வாங்கும் குடும்பத்துக்குச் சில யோசனைகள்

கார் பார்க்க ஷோரூமுக்குப் போகும்போது, வீட்டிலேயே ஆகிருதி மிகுந்த அத்தையைத் தவறாமல் அழைத்துப் போகவும். கலர் தேர்ந்தெடுக்கக் கூப்பிடுகிறோம் என்று சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் வரமாட்டார். கூடவே கால் நீண்ட மைத்துனர் ஒருவர், மூட்டுவலிக்காரர் ஒருவர் வேண்டும். செம்பாக்கத்தில் மூவரும் ஒரே தெருவில் கிடைப்பார்கள். பெரும்பாலும் ஒரே வீட்டில். மைலேஜ், தொடுதிரை எல்லாம் பிறகு. பின்சீட்டில் நடுவே யார் உட்காருவது என்று முடிவு செய்யாமல் முன்பணம் கட்டிய குடும்பங்களில்தான் பேச்சுவார்த்தை நின்றுபோகிறது.

விற்பனைப் பையன் முதலில் உங்களை ஸ்டியரிங் முன்னால் உட்காரச் சொல்வார். உட்காராதீர்கள். எவ்வளவு சிறிய காரிலும் அந்த இடம் தாராளமாகத்தான் இருக்கும். பணம் கட்டுபவர் அங்கேதானே உட்காருவார். பின்சீட்டைக் காட்டுவதற்கு முன் அவர் முன்சீட்டை நைசாக முன்னுக்குத் தள்ளிவிடுவார். பின்னால் கபடி ஆடலாம் போலத் தெரியும். இதற்கு மாற்று உண்டு. ஓட்டுநர் சீட்டை உங்கள் காலுக்குத் தகுந்தபடி வைத்து, கிளட்சை முழுக்க மிதித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பிறகு நேர் பின்னால் போய், உங்களுக்குப் பின்னால் நீங்களே உட்காருங்கள். முழங்கால் இடிக்கவில்லையா? அதற்குள் சந்தோஷப்பட வேண்டாம். தொடையைக் கவனியுங்கள். உட்காரும் மெத்தையை இரண்டு விரற்கடை குட்டையாக்கி, முன்சீட்டின் முதுகையும் மெலியவைத்தால் முழங்காலுக்கு இடம் வந்துவிடும். தொடைதான் அந்தரத்தில் நிற்கும். ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் இது தெரியாது. திண்டிவனம் தாண்டும்போது தெரியும். மெத்தென்று அமுங்கும் சீட்டும் இந்த ஜாதிதான். கொஞ்சம் விறைப்பான சீட்டுதான் தூரப் பயணத்தில் இடுப்பைத் தாங்கும். ஆனால் அதை அத்தையிடம் விளக்கி ஜெயித்தவர் இல்லை.

இனி அகலம். ஆல்டோ கே10 வெளிப்புறத்தில் 1,490 மில்லிமீட்டர். வேகன் ஆர் 1,620. இப்போதைய ஸ்விஃப்ட் 1,735. கதவின் கனத்தையும் கைவைக்கும் திண்டையும் கழித்த மிச்சம்தான் உங்கள் தோள்களுக்கு. மூன்று பேரைப் பின்னால் ஏற்றிக் கதவுகளைச் சாத்துங்கள். யாராவது ஒருவர் தானாகவே முன்னால் நகர்ந்து சீட் நுனிக்கு வந்துவிட்டால் கார் உங்களுக்குச் சரியான அளவு. இரண்டு பேர் சாய்வதும் ஒருவர் நுனியில் தொற்றுவதும் நம் ஊரின் அங்கீகரிக்கப்பட்ட முறை.

நுனியில் தொற்றுபவர் யார் என்பதுதான் கேள்வி. நடு இடத்தில் மெத்தை மேடாக இருக்கும், பெல்ட் கொக்கி உறுத்தும், காலடியிலும் ஒரு மேடு. மாமனாரை அங்கே வைக்க முடியாது. அத்தை ஜன்னலோரம் இல்லாவிட்டால் வாந்தி வரும் என்பார். வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி வீட்டில் இருந்தால் சிக்கலே இல்லை. அவருக்கு வேலை கிடைத்துவிட்டால் நீங்கள் பெரிய கார் பார்க்க வேண்டியதுதான். ஓட்டுநரோடு சேர்த்து ஐந்து பேர் என்கிறது பதிவுச் சான்று. குழந்தை மடியில் உட்காரும், அது கணக்கில்லை என்பார்கள். அந்தக் குழந்தை பிளஸ் டூ படிக்கிறதா என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளவும்.

மூட்டுவலிக்காரரை இப்போது ஏறி இறங்கச் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் நம் பக்கத்துக்கு அனுபவம் அதிகம். ஜி.எஸ்.டி. சாலையில், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1961 முதல் ஹெரால்டு கார் செய்தது. முதலில் வந்ததற்கு இரண்டே கதவு. பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும். நம் குடும்பங்களைப் பார்த்தபிறகு நாலு கதவு வைத்தார்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது, அடுத்த ஆண்டு வேகன் ஆர். பார்க்கப் பெட்டிபோல இருக்கிறதென்று கேலி செய்தவர்கள், புடவைக் கொசுவம் கசங்காமல் ஏறி இறங்கலாம் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். நீளத்தில் கிடைக்காத இடத்தை உயரத்தில் தேடிய கார்கள் அவை. வேகன் ஆரின் உயரம் 1,675 மில்லிமீட்டர். அழகைவிட இடுப்பு முக்கியம் என்று முடிவெடுத்த வயதினர் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை.

நீளம் ஏன் கிடைக்கவில்லை என்று பையனிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் முழங்காலின் எல்லையை வகுத்தது பட்ஜெட். 2006இல் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். நாலு மீட்டருக்குள் இருந்தால்தான் சிறிய கார். அன்றிலிருந்து பொறியாளர்கள் கத்தரிக்கோலோடு அலைகிறார்கள். 2012இல் டிசையரின் வாலை நறுக்கி 3,995 மில்லிமீட்டருக்குள் அடக்கினார்கள். 440 லிட்டர் டிக்கி 316 ஆயிற்று. 2025 செப்டம்பர் முதல் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், தாண்டினால் 40. மைத்துனரின் கால் நீளத்துக்கு மட்டும் சலுகை அறிவிக்க இதுவரை எந்த அரசும் முன்வரவில்லை.

டிக்கியை லிட்டரில் சொல்வார்கள். வேகன் ஆருக்கு 341 லிட்டர் என்றதும் பதினேழு தண்ணீர் கேன் என்று கணக்குப் போட வேண்டாம். சீமந்தத்துக்குக் கிளம்பும்போது ஏறும் சாமான்களான எவர்சில்வர் அண்டா, தாம்பூலப் பைகள், பண்ருட்டிப் பலாப்பழம் எதுவும் லிட்டரில் வருவதில்லை. ஒரு நல்ல பலாப்பழத்தை ஷோரூமுக்கே கொண்டுபோவது நல்லது. சி.என்.ஜி. வண்டி எடுப்பவர்கள் பழத்தைத் தம்பியின் மடிக்கு ஒதுக்கவும். டிக்கியில் சிலிண்டர் இருக்கும்.

ஓட்டிப் பார்க்க அழைத்தால், பையன் நேரான நல்ல சாலையாகப் பார்த்துத்தான் கூட்டிப்போவார். நீங்கள் தாம்பரம்–வேளச்சேரி சாலைக்குத் திருப்புங்கள். அக்னி நட்சத்திரத்தில், மத்தியானம் இரண்டு மணிக்கு, ஐந்து பேரோடு கேம்ப் ரோடு சிக்னலில் நில்லுங்கள். பின்னாலிருந்து “ஏசி போட்டிருக்கா?” என்று குரல் வந்தால் பின்பக்க ஏசி துவாரம் உள்ள காரைப் பாருங்கள், கிராண்டு ஐ10 நியாஸில் உண்டு. பிறகு ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி நம் உட்தெருக்களில் ஒரு சுற்று. 2021இல் செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்ததில் தெருக்களின் அந்தஸ்து கூடிவிட்டது, வேகத்தடைகளின் உயரம் குறையவில்லை. ஒவ்வொன்றிலும் தம்பியின் தலை கூரைக்கு எவ்வளவு பக்கத்தில் போய் வருகிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள்.

கார் வீட்டுக்கு வந்தபின் சீட் கவர் போட ஆசை வரும். முன்சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால், அது விரிய வழியில்லாத கவர் ஆபத்து. அதனால் நம் ஆட்கள் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள்: கம்பெனி போட்டு அனுப்பிய பாலிதீன் உறையை அப்படியே விட்டுவிடுவது. அதன்மேல் ஒரு துண்டு. வியர்வையில் வழுக்கினால் துண்டின்மேல் ஒரு தலையணை. அந்த உறையைக் கிழிக்கச் சொல்பவர் வீட்டுக்குப் புதிதாக வந்த மாப்பிள்ளையாகத்தான் இருப்பார். அவருக்கு முன்சீட்டைக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடவும்.