நிலை விலையும் துண்டு மறைவும்: ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஒரு பழைய பீரோவின் பொருளியல்

1995-ஆம் ஆண்டு பியர் ஒமிட்யார் என்ற அமெரிக்கர், தாம் புதிதாகத் தொடங்கிய இணைய ஏலத்தளத்தில் ஓர் உடைந்த லேசர் பாயிண்டரை விற்பனைக்கு வைத்தார். அது 14.83 டாலருக்குப் போயிற்று. உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று அவர் கேட்க, உடைந்த பாயிண்டர்களைத்தான் சேகரிக்கிறேன் என்று பதில் வந்ததாம். பின்னாளில் ஈபே ஆன அத்தளத்தின் வரலாற்றை எழுதியவர்கள் இதைப் பெரிய அதிசயமாகச் சொல்கிறார்கள். ராஜபாளையத்தில் யார் வீட்டுப் பரணிலாவது ஏறிப் பார்த்திருந்தால் இந்த வியப்பு வந்திருக்காது. நம் ஆய்வுக்குரிய கேள்வி வேறு. அந்தப் பரணிலிருந்து இறங்கும் ஒரு பொருள், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பரண் ஒன்றில் போய் ஏறுவதற்குள் என்னென்ன நடக்கிறது?

இணையத்தில் விற்க இரண்டு வழிகள் உண்டு: ஏலம், நிலை விலை. ஏலத்தைப் பற்றி உலக அறிஞர்கள் நிறையவே யோசித்திருக்கிறார்கள். மூடிய உறை ஏலம் குறித்து வில்லியம் விக்ரி 1961-ல் கட்டுரை எழுதினார். 1996-ல் நோபல் பெற்றார். ஏலக் கோட்பாட்டுக்காகவே பால் மில்குரோமும் ராபர்ட் வில்சனும் 2020-ல் நோபல் பெற்றார்கள். இத்தனை அறிவு கையிருப்பில் இருந்தும் நம் நாட்டில் இணைய ஏலம் வேர்பிடிக்கவில்லை. 2000-ல் தோன்றிய பாஸி தளத்தை 2004-ல் ஈபே வாங்கியது. 2018-ல் ஈபே இந்தியாவும் கடையைக் கட்டிவிட்டது. போட்டி, தபால் செலவு, நம்பிக்கையின்மை என்று வழக்கமான காரணங்களை அடுக்குவார்கள். இக்கட்டுரையாளரின் கருதுகோள்: காரணம் வெட்கம்.

ஏலம் நமக்குப் புதிதா என்ன? 2024 பங்குனி உத்திரத்தில் விழுப்புரம் மாவட்டத்து முருகன் கோயில் ஒன்றில், வேலில் செருகிய 9 எலுமிச்சம்பழங்கள் 2.36 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போயின. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று குரல் எழும்போது ஊரே பார்க்கிறது. அங்கே அதிகம் கொடுப்பதுதான் பெருமை. அதைப் பத்துப் பேர் பார்ப்பது அதைவிடப் பெருமை. அதே ஆளை ஒரு பழைய கிரைண்டருக்கு ஏலம் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த தெருக்காரர் 1,500 கேட்டிருக்கும்போது இவர் 1,600 என்று ஏற்றினால், "பழைய கிரைண்டருக்கா இம்புட்டு?" என்று ஊர் சிரிக்கும். அடுத்த தெருக்காரர் சம்பந்தி முறையாக இருந்துவிட்டால் கிரைண்டர் வரும், சம்பந்தம் போகும். சாமி எலுமிச்சம்பழத்தில் அதிகம் கொடுத்தவர் வென்றார். பழம்பொருளில் அதிகம் கொடுத்தவர் ஏமாந்தார். இந்த எளிய வேறுபாட்டை நோபல் குழு இன்னும் கவனிக்கவில்லை.

ஆகவே நம்மவர்கள் இணையத்துக்கு எடுத்துச் சென்றது கோயில் ஏலத்தை அல்ல, மாட்டுச் சந்தையை. அங்கே தரகர் கையைத் துண்டால் மூடிக்கொண்டு, விரல்களைப் பிடித்தே விலை பேசுவார். சுற்றிலும் நிற்பவர்களுக்கு இரண்டு முகங்கள் தெரியும், எண் தெரியாது. விளம்பரத்தில் "விலை 8,000, ஃபிக்ஸ்டு" என்று போடுகிறார்களே, அது விலை அல்ல, துண்டு. பேச்சு நடப்பது அதற்கு அடியில்.

சான்றுக்கு ஒரு மாதிரி உரையாடல். பொருள், தேக்கு பீரோ. விற்பவர் ராஜபாளையம், வாங்குபவர் ஸ்ரீவில்லிபுத்தூர்.

"பீரோ இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கு."

"லாஸ்ட் எவ்வளவு?"

"போட்டிருக்கேன்ல, எட்டாயிரம். ஃபிக்ஸ்டு."

"அது சரி. லாஸ்ட் எவ்வளவு?"

ஃபிக்ஸ்டு என்பதைக் கேட்டவர் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். "அது சரி" என்று ஏற்றுக்கொண்டே கடந்துவிடுகிறார். விற்பவரும் கோபப்படுவதில்லை, இந்தக் கேள்வி வரும் என்றுதான் ஆறாயிரத்தை எட்டாயிரமாகப் போட்டிருக்கிறார். உண்மையிலேயே ஆறாயிரம் பெறுமானமுள்ளதை ஆறாயிரம் என்று எழுதுபவருக்கு நாலாயிரத்து ஐந்நூறுதான் கிடைக்கும். இவ்வட்டாரத்தில் நேர்மைக்கு விதிக்கப்பட்டிருக்கும் வரி அது.

விற்பவர் மனமும் ஆய்வுக்குரியது. 1990-ல் கானமன், நெட்ச், தேலர் மூவரும் காபிக் கோப்பைகளை வைத்துச் சோதனை செய்தார்கள். கோப்பை கையில் கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, மற்றவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. கையில் சில நிமிடம் இருந்த கோப்பைக்கே அந்தக் கதி என்றால், ஆத்தா சீதனமாகக் கொண்டுவந்த பீரோவுக்கு? "எங்க ஆத்தா பீரோங்க" என்று ஒருவர் விளம்பரத்தில் எழுதினால், அவர் இன்னும் விற்க முடிவு செய்யவில்லை என்று பொருள். அவரோடு பேரம் பேசுவது வீண்.

விலை படிந்தபின் எழுவது 12 கிலோமீட்டர்ப் பிரச்சினை. "ஸ்ரீவி பஸ் ஸ்டாண்டுல வந்து குடுத்திருங்களேன்" என்பார் வாங்குபவர், ஏதோ டிபன் பாக்ஸை வாங்கிக்கொள்வதுபோல. குட்டியானை வாடகை யார் தலையில் விழுவது என்ற கேள்வியில் முறிந்த பேரங்கள் பல. 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இரண்டு ஊர்களையும் இணைக்கிறது என்பது நெடுஞ்சாலைத் துறையின் கருத்து.

விதிவிலக்கு இல்லாமல் கோட்பாடு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. இன்று இணையத்திலும் கிடைக்கிறது. பீரோவுக்கு நாலு நாள் மல்லுக்கட்டியவர், பால்கோவா கடையில் சொன்ன காசை எண்ணி வைத்துவிட்டு வருகிறார். "லாஸ்ட் எவ்வளவு?" என்று அங்கே கேட்பாரில்லை. நிலை விலை இவ்வட்டாரத்தில் உயிரோடிருப்பது அந்த ஒரு பொருளில்தான் என்பது என் துணிபு.

இன்னொரு விதிவிலக்கு ராஜபாளையம் நாய். 2005-ல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த இனம். குட்டி வாங்கப் போனால் பேரம் தலைகீழாகிவிடும். விற்பவர் நம்மை விசாரிப்பார். வீட்டில் எத்தனை பேர், காம்பவுண்டு சுவர் உண்டா, ஃபிளாட்டா, தனி வீடா? லாஸ்ட் எவ்வளவு என்று கேட்கவேண்டியவர் நேர்முகத் தேர்வில் நிற்பார். சட்டமும் ஒன்று உண்டு: 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாமல், குட்டியையும் தாயையும் நேரில் பார்ப்பது நல்லது.

வாசகருக்கு ஒன்று. விளம்பரம் போட்ட சிறிது நேரத்தில், ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, பேரமே பேசாமல் முழு விலைக்குச் சம்மதிக்கும் ஆள் ஒருவர் வருவார். பணம் அனுப்புவதாக ஒரு கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடச் சொல்வார். யூபிஐயில் பணம் வாங்கப் பின் எண் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. நம் பக்கத்தில் "லாஸ்ட் எவ்வளவு?" என்று கேட்காத ஆளோடு வியாபாரமே வேண்டாம்.