பட்டா எங்கேய்யா, பேராண்டி?

வாய்யா பேராண்டி. இ-சேவை மையத்துல நம்ம முறை வந்தப்ப, பட்டாவைக் காட்டாம போனைத் தேய்ச்சுக்கிட்டே நின்னியாமே? பின்னால நின்ன ஆளு டீ குடிச்சிட்டு வந்தும் தேய்ச்சுக்கிட்டுதான் இருந்தியாம். நம்ம குடும்பத்துல இவ்வளவு பொறுமைசாலி இதுக்கு முன்னால பொறக்கலய்யா.

பட்டா போட்டோ போன்லதான் இருக்கு. யாரு இல்லேன்னா? ‘ஐஎம்ஜி’ன்னு ஆரம்பிக்கிற ஏதோ ஒரு பேருல, காலை வணக்கம் ரோசாப்பூவுக்கும் கெடா வெட்டு வீடியோவுக்கும் நடுவுல பத்திரமா இருக்கு. திருடன் வந்தாலும் எடுக்க முடியாது. நீயும் எடுக்க முடியாது. கம்ப்யூட்டரைத் திறந்தா ‘ஸ்கேன்’, ‘ஸ்கேன் புதுசு’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் ஒரிஜினல்’. இதுல எது கடைசின்னு ஜோசியருகிட்டதான் கேக்கணும். ‘மற்றவை’ன்னு ஒரு ஃபோல்டர் வேற. அது நம்ம வீட்டுப் பரண் மாதிரி, ஏறுனது எறங்குனதா சரித்திரம் இல்ல.

என் தகரப்பெட்டியைப் பார்த்துச் சிரிப்பியே, அதுல ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு மஞ்சப்பை. பை மேல ஊரு, எண்ணு. உள்ள மூலப்பத்திரம், அடுத்தடுத்த கிரயம், வில்லங்கம், பட்டா, தீர்வை ரசீது. பட்டா எண்ணை ஏன் எழுதலேன்னு நீ கேக்க மாட்டே, நானே சொல்றேன். கைமாறினா பட்டா எண் மாறிப்போகும். சர்வே எண் மண்ணோட கெடக்கும். பாகம் பிரிச்சா 124ங்கறது 124/1, 124/2ன்னு குட்டி போடும், அவ்வளவுதான். மறு அளவையில புது எண் விழுந்திருந்தா பழசையும் பக்கத்துலயே எழுதிடணும். பழைய பத்திரம் பழைய எண்ணைத்தான் பேசும். வில்லங்கம் போடப் போனா ஊரு, சர்வே எண்ணு, எந்த வருசத்துலருந்து எதுவரைக்கும்னு கேப்பாங்க. நாளைக்குக் கேக்குறவன் எதைச் சொல்லிக் கேப்பானோ, அதையே பேரா வச்சாப் போச்சு. நீ என்னடான்னா அன்னிக்கு வாயில வந்ததை வைக்கிறே.

தேதியும் அப்படித்தான். 15-03-2024ன்னு பேரு வச்சா, எல்லா வருசத்துப் பதினஞ்சாந்தேதியும் ஒண்ணுகூடி மாநாடு போடும். 2024-03-15ன்னு திருப்பி எழுது, தானா வரிசையில நிக்கும். பி.ஈ. படிச்சவனுக்கு எட்டாங்கிளாஸ் கிழவன் சொல்ல வேண்டியிருக்கு, காலம்!

இப்படி அடுக்கி வைக்கிறது எனக்கு மட்டும் தோணுனதில்லய்யா. சீர்காழிக்காரர் ரங்கநாதன்னு ஒரு கணக்கு வாத்தியார் இருந்தாரு, 1892ல பொறந்தவரு. அவரை 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரிக்குப் பொறுப்பா போட்டாங்க. புஸ்தகம் என்ன பொருளைப் பத்தி, எந்த எடம், எந்தக் காலம்னு கூறுபோட்டு எண் குடுக்குற கோலன் பகுப்பு முறையை 1933ல அச்சுல கொண்டுவந்தாரு. படிக்க வர்றவனோட நேரம் வீணாகக்கூடாதுங்கறதை நூலகத்துக்குச் சட்டமாவே எழுதி வச்ச மனுசன். நம்ம ஊர் லைப்ரரிக்காரர் இதைச் சொன்னப்ப, நம்ம மஞ்சப்பையும் அதே வழியிலதானே போகுதுன்னு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துச்சு. ரங்கநாதன் லண்டன் போயிக் கத்துக்கிட்டாரு. நான் கோர்ட்டு வாசல்ல கத்துக்கிட்டேன்.

இன்னிக்கு ராத்திரி ரீல்ஸ் பாக்குற நேரத்துல காட்டுக்கு ஒரு ஃபோல்டர் போடு. ஊரு, சர்வே எண், என்ன காயிதம், தேதி – இந்த வரிசையில பேரு வை. போன் கெணத்துல விழுந்தாலும் தப்பிக்கிற மாதிரி வெளியே ஒரு நகல் வை. ‘மற்றவை’யை மூடு.

நாளைக்கு வேணும்கிற பட்டா பெட்டியில வலப்பக்கம் மூணாவது பையில இருக்கு. ஜெராக்ஸ்தான் தருவேன். உன்னை நம்பி ஒரிஜினலைக் குடுக்குற அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி மழுங்கலைய்யா.