நன்னன் மலைக்குப் போகும் கலைக்குழுவினரின் கனிவான கவனத்திற்கு

1923 இல் மெக்சிகோ அரசுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஹோசே வாஸ்கொன்செலோஸ் என்பவர் அங்கே கல்வி அமைச்சர். புரட்சி ஓய்ந்த கையோடு, பள்ளிக்கூடத்தையே பார்க்காத கிராமங்களுக்குக் ‘கலாசாரக் குழுக்களை’ அனுப்பினார். ஒரு குழுவில் சோப்பு காய்ச்சக் கற்றுத்தர ஒருவர், தோல் பதனிட ஒருவர், உழவு சொல்லித்தர ஒருவர், அம்மை குத்த ஒருவர், பாட்டு வாத்தியார் ஒருவர். நல்ல ஏற்பாடு. பாட்டு மண்டையில் ஏறாவிட்டாலும் ஊருக்குச் சோப்பாவது மிஞ்சும்.

கலையைத் தூக்கிக்கொண்டு மலையேறும் இந்த வேலையை உலகத்தில் முதலில் செய்தது மெக்சிகோ என்று யாராவது சொன்னால் கள்ளக்குறிச்சிக்காரர் கொடுப்புக்குள் சிரித்துக்கொள்ளலாம். அவர்கள் மாவட்டத்துக் கல்வராயன் மலைக்கு நேர் வடக்கே, பஸ் பிடித்தால் போய்விடக்கூடிய தூரத்தில் செங்கம் இருக்கிறது. சங்க காலத்தில் அங்கே நன்னன் என்றொரு மன்னன். அவனிடம் பரிசு வாங்கக் கூத்தர்கள் எந்த மலை வழியாக, எப்படிப் போக வேண்டும் என்று 583 அடியில் ஒரு கையேடு இருக்கிறது. பெயர் மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை என்றும் சொல்வார்கள். எழுதியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். இரண்டு ‘பெருங்’ சேர்ந்த பெயர். சுருக்கமாகச் சொல்வார் என்று எதிர்பார்க்கக் கூடாது.

காட்சி இதுதான். நன்னனிடம் வாங்கிக்கொண்டு திரும்பும் கூத்தன் ஒருவன், இனிமேல்தான் வாங்கப்போகும் இன்னொரு கூட்டத்தை வழியில் பார்க்கிறான். அந்தக் கூட்டம் முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, குழல், தூம்பு என்று ஒன்று விடாமல் பையில் போட்டுக் காவடியாகத் தூக்கி வருகிறது. மழைக்காலத்துப் பலாமரத்தில் காய் கொத்துக்கொத்தாகத் தொங்குகிற மாதிரி இருந்ததாம் அந்த மூட்டைகள். கூட வந்த விறலியர் நடந்து நடந்து ஓய்ந்துபோயிருக்கிறார்கள். அவர்கள் பாதத்துக்குப் புலவர் சொல்லும் உவமை, இளைத்த நாயின் நாக்கு. பாதம் என்றால் தாமரை என்று எழுதிப் பழகிய தமிழ்க் கவிஞர்கள் நடுவே, நடந்த காலைக் குனிந்து பார்த்தவர் இவர். அந்த ஒரு உவமைக்காகவே அவருடைய இரண்டாவது ‘பெருங்’கை அனுமதிக்கலாம்.

கையேட்டில் பயண அறிவிப்பும் உண்டு. இரவில் நடக்காதீர்கள், தினையைத் தின்ன வரும் பன்றிக்குக் கல்பொறி வைத்திருக்கிறார்கள், பொறிக்குப் பன்றியும் ஒன்று, கூத்தனும் ஒன்று. பாம்பு இருக்கும் குழியை அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள். விறலியர் கும்பிட்டுவிட்டு வலப்பக்கமாக ஒதுங்கிப் போகட்டும். பரண்மேல் நிற்கும் காவல்காரர்கள் யானையை விரட்டக் கவணில் கல் வீசுவார்கள், மரத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ளுங்கள். பாசி வழுக்கும், சிறுமூங்கிலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான எச்சரிக்கை ஒன்று உண்டு. தெய்வம் இருக்கும் மலைப்பக்கம் வந்தால் கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். சும்மாவேனும் வாத்தியத்தைத் தொட்டுவிடாதீர்கள், மழை கொட்டிவிடும். மேடையில் மைக் பிடித்து ‘ஹலோ, ஹலோ, செக்’ என்றதும் தூறல் போட்ட அனுபவம் இல்லாத கலைஞர் யார்? அந்தக் கஷ்டம் சங்க காலத்துக் கஷ்டம்.

இந்த எச்சரிக்கைகளுக்கு முன்பே கையேட்டில் வந்துவிடுகிறது மலைமேல் குறவர் குடி. மேம்பாட்டுத் திட்டம் போடுபவர்கள் கணக்குப்படி இதுதான் ‘பின்தங்கிய பகுதி’. அங்கே நடந்தது என்ன? நன்னனிடம் போகும் கூத்தர் நாங்கள் என்று சொல்லிவிட்டு உங்கள் சொந்த வீடு மாதிரி நுழையுங்கள் என்கிறது கையேடு. முறை சொல்லிக் கூப்பிட்டு, நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் போடுவார்கள். மூங்கில் குழாயில் ஊறிய தேன் கள் வரும். மூங்கில் அரிசிச் சோறும், புளி கரைத்த குழம்பும் வரும். ஆடச் சொன்னார்களா, பாடச் சொன்னார்களா, அதெல்லாம் அப்புறம். முதலில் இலை.

கலைக்குப் பசித்து மலை காத்திருக்கவில்லை. சோற்றுக்குப் பசித்த கலைதான் நாய்நாக்குக் காலோடு மேலே போனது. பின்தங்கியிருந்தது கலைக்குழு. மேம்பாட்டுத் திட்டத்தை நடத்தியவர்கள் மலைக்காரர்கள். உபசாரம் அளவு மீறிப் போயிருக்க வேண்டும், ‘மலைமேல் ரொம்ப நாள் தங்கிவிடாமல் கீழ்நாட்டுக்குக் கிளம்புங்கள்’ என்றும் சொல்லி வைக்கிறார் கௌசிகனார்.

கீழ்நாட்டுக்கே இறங்குவோம். கள்ளக்குறிச்சி இருக்கும் நடுநாட்டில் கல்விப் பணி எப்படி நடந்தது என்பதற்கு வில்லிபுத்தூரார் சாட்சி. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர்க்காரர். வக்கபாகை வரபதி ஆட்கொண்டான் ஆதரவில் பாரதத்தைத் தமிழில் 4,300க்கு மேற்பட்ட பாட்டாகப் பாடியவர். அவருடைய கற்பிக்கும் முறைதான் கொஞ்சம் கடுமை. வாதத்தில் தோற்ற புலவரின் காதைத் துறட்டி வைத்து அறுத்துவிடுவாராம். கடைசியில் அருணகிரிநாதர் ‘த’கர வரிசையாலேயே கட்டிய ஒரு பாட்டைப் போட்டு இதற்குப் பொருள் சொல்லும் என்றார். வில்லியார் விழித்தார். அருணகிரியார் காதை அறுக்கவில்லை. துறட்டியைத்தான் கீழே போட வைத்தார் என்பது கதை.

வேடிக்கை அதற்குப் பிறகு. காதை அறுக்கக் கிளம்பியவரின் பாரதத்தை, காது மட்டுமே முதலீடாக வைத்திருந்த, எழுத்தறியாத ஊர்களெல்லாம் எடுத்துக்கொண்டன. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, கடைசியில் படுகளம். வில்லியார் கையில் துறட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தால், விடிய விடியக் கேட்ட பாட்டிகளிடம் அவர்தான் தோற்றிருப்பார்.

சரி, கல்வராயன் மலைக்காரர்கள்? அங்கே வாழும் மக்கள் மலையாளி எனப்படுவோர். உடனே ‘கேரளாவில் எந்த ஊர்?’ என்று கேட்காதீர்கள். மலையை ஆள்பவர் மலையாளி, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பி ஆளுக்கொரு மலையைப் பிடித்துக்கொண்டதாகச் சொல்லும் கதை அவர்களிடம் உண்டு. பட்டுப் புடவை ஊரை விட்டுப் பலாமரத்தைத் தேடி வந்தவர்களை யார் வந்து முன்னேற்றுவது? வெகுகாலம் யாரும் வரவும் இல்லை. மூன்று ஜாகீர்தார்கள் கையில் மலை இருந்தது. அரசாங்கம் அதை முழுதாக எடுத்துக்கொண்டது 1976 இல். சுதந்திரம் மலைப்பாதையில் ஏற 29 வருஷம் ஆகியிருக்கிறது. பாசி வழுக்கியிருக்கும்.

மெக்சிகோவும் சும்மா இருக்கவில்லை. பாட்டு வாத்தியாரை இந்தப் பக்கம் அனுப்பாவிட்டாலும், அந்தக் கலாசாரக் குழுக்களுக்கு முந்நூறு நானூறு வருஷம் முன்பே தன் மண்ணின் மிளகாயையும் மக்காச்சோளத்தையும் கப்பல் வழியே உலகத்துக்கு அனுப்பிவிட்டது. இன்று கள்ளக்குறிச்சிக் காடுகளில் மக்காச்சோளம் ஆள் உயரம் நிற்கிறது. நன்னனின் கூத்தர்கள் இப்போது வந்தால் அவித்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் கிடைக்கும். மரவள்ளியும் அமெரிக்கச் சரக்குதான், தென்பக்கம்.

நன்னன் என்ன கொடுத்தான் என்று சொல்ல வேண்டுமே. கூத்தர் தலைவனுக்குப் பொன் தாமரை, விறலியருக்கு நகை, மேலும் யானை, தேர், குதிரை. கொடுத்தவன் பெயரைச் சொல்லத்தான் 583 அடியும். தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. துச்சாதனன் துகிலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பான்; திரௌபதி கதறுவாள்; யாரோ பத்து ரூபாயை நீட்டுவார். உடனே இழுப்பது நிற்கும், ஆர்மோனியம் நிற்கும். கட்டியக்காரன் முன்னால் வந்து, இன்ன தெரு, இன்னாருடைய மகன், இவ்வளவு ரூபாய் அன்பளிப்பு என்று ஊருக்கே கேட்கச் சொல்வான். அதன் பிறகுதான் துகில் மறுபடி அவிழும்.

கௌசிகனாரின் 583 அடியைப் புரட்டினால் நன்னன் பெயர் இருக்கிறது, அவன் ஆறும் மலையும் குலமும் இருக்கின்றன. நாய்நாக்குக் காலோடு வந்தவர்களுக்கு நெய்யில் வெந்த கறியும் தினைச்சோறும் போட்ட அந்த மலைவீட்டுப் பெண்ணின் பெயர் இல்லை. கட்டியக்காரனாக இருந்தால் விட்டிருக்க மாட்டான்.