யாருக்கு விளக்கு? இரண்டடி மீன் தொட்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

உயிருள்ள செடிகள் நட்ட நன்னீர் மீன் தொட்டிக்கு எந்த விளக்கை வாங்குவது என்பதே இவ்வாய்வின் சிக்கல். தொட்டி வாங்கிய அன்று இது சிக்கலாக இருக்கவில்லை. கொளத்தூரில் மீன் கடைக்காரர், "லைட் ஃப்ரீ சார்" என்று ஒரு கிளிப் விளக்கைக் கையில் கொடுத்தார். மூன்றாவது வாரம் புதிதாக வந்த இலைகள் வெளிறின. "வெளிச்சம் பத்தவில்லை" என்று ஆய்வாளர் தாமே முடிவு கட்டி, அடுத்தடுத்து இரண்டு விளக்குகள் வாங்கினார். "ஏங்க, ஹால் டியூப்லைட் எரியாம மூணு மாசமாச்சு. மீனுக்கு மட்டும் மூணு விளக்கா?" என்று வீட்டில் எழுந்த வினாவே இவ்வாய்வுக்குத் தூண்டுகோல். வினவியவர் கேட்டது டியூப்லைட்; கிடைத்தது இக்கட்டுரை.

ஆய்வு எல்லை

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். விளிம்புவரை நிறைத்தால் ஏறக்குறைய 70 லிட்டர். செடிகள்: ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகொரைன். மீன்கள்: எட்டு கப்பி. அவை குட்டி போடும் இனம் ஆதலால், இந்த எண் கட்டுரை அச்சேறும்வரை செல்லாது. கடல்நீர்த் தொட்டியும் பவளமும் ஆய்வாளரின் சம்பளம் கருதி விலக்கப்பட்டன. பிளாஸ்டிக் செடிகளும் விலக்கப்பட்டன. அவற்றுக்கு எந்த விளக்கும் போதும். விளக்கே இல்லாவிட்டாலும் போதும்.

முன்னோர் ஆய்வுகள்

நீர்ச்செடிக்கு வெளிச்சம் எதற்கு என்பதை முதலில் உற்றுப் பார்த்தவர் யான் இங்கன்ஹவுஸ். தண்ணீரில் அமிழ்த்திய பச்சிலைகள் வெயிலில் குமிழ் விடுவதையும், இருட்டில் அது நின்றுபோவதையும் கண்டு 1779-இல் நூலாக்கினார். நூறாண்டு கழித்து, 1880களில், எங்கெல்மன் என்ற ஜெர்மானியர் பாசி இழை ஒன்றின்மேல் ஒளியை வானவில்லாகப் பிரித்து விழச்செய்தார். உயிர்வளி தேடும் பாக்டீரியாக்கள் சிவப்புப் பக்கமும் நீலப் பக்கமும் போய்க் குவிந்தன. பச்சைப் பக்கம் கூட்டம் குறைவு. இலைக்கு எந்த நிறம் விருந்து, எந்த நிறம் ஊறுகாய் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இத்துறையில் அமானோக்கள் இருவர். நீல எல்இடி-க்காக 2014-இல் இயற்பியல் நோபல் பெற்ற மூவருள் ஒருவர் ஹிரோஷி அமானோ. நீல எல்இடி-யின்மேல் மஞ்சளொளி தரும் பூச்சு பூசினால் வெள்ளை விளக்கு. இன்று தொட்டிகளின்மேல் எரிபவை பெரும்பாலும் அவையே. மற்றவர் தகாஷி அமானோ, ஒளிப்படக் கலைஞர். தொட்டிக்குள் காடும் மலையும் சமைக்கும் கலையை உலகெங்கும் பரப்பியவர். பாசி தின்னும் இறால் ஒன்று இன்றும் அவர் பெயரால் விற்கிறது. ஓர் அமானோவின் விளக்கு பாசியை வளர்க்க, மற்றொரு அமானோவின் இறால் அதைத் தின்கிறது. இப்பெயர்ப் பொருத்தம் தனி முனைவர்ப் பட்டத்துக்கு உரியது.

அளவைகள்

விளக்குப் பெட்டியில் அச்சடித்துள்ள எண்கள் மூன்று, அச்சடிக்காதது ஒன்று.

முதலாவது வாட். கேலனுக்கு 2 வாட் என்பது குழல்விளக்குக் காலத்து விதி. எந்தக் கேலன் என்பது முதல் தடை: அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரமே, தரும் வெளிச்சம் அன்று என்பது இரண்டாம் தடை. ஒருவர் எத்தனை இட்லி சாப்பிடுகிறார் என்பதை வைத்து அவர் வேலையை மதிப்பிடுவது போன்றது இது. எல்இடி குறைவாகத் தின்று நிறைய உழைக்கும் சாதி. பழைய விதிப்படி வாங்கினால் தொட்டிக்கு வெளிச்சம் மிஞ்சிவிடும்.

இரண்டாவது கெல்வின். எண் ஏற ஏறச் சூடு ஏறும் என்பது இயற்பியல். கடையிலோ 2700-ஐ 'வார்ம்' என்றும் 6500-ஐ 'கூல்' என்றும் வழங்குவர். இவ்வழக்கில் கத்திரி வெயிலுக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. மேலும் கெல்வின் நிறத்தைச் சொல்லுமே அன்றி அளவைச் சொல்லாது. சாவிக்கொத்து விளக்கும் கிரிக்கெட் மைதான விளக்கும் ஒரே கெல்வினாக இருக்கத் தடையில்லை.

மூன்றாவது லூமன். இது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்ற கணக்கு. பகலில் நம் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சையை. இலை மற்ற நிறங்களைவிட மிகுதியாகத் திருப்பி அனுப்புவதும் பச்சையையே. ஆகவே லூமன் பார்த்து விளக்கு வாங்குவது, விருந்தாளி இலையில் மிச்சம் வைத்ததை எண்ணிப் பந்தியை மெச்சுவதாகும்.

அச்சடிக்காத நான்காவது எண், 400 முதல் 700 நானோமீட்டர் வரையான ஒளித்துகள்கள் சதுர மீட்டருக்கு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பது. இதன் ஆங்கிலச் சுருக்கம் தமிழ்ச் செவிக்குப் 'பார்' என்று கேட்கும். பார் எனில் உலகம், ஏவலாயின் காண், அண்மை வழக்கில், மாலையில் சிலர் ஒதுங்கும் இடம். இந்த நான்காம் பாருக்கோ பார்வையோடு தொடர்பே இல்லை. இது செடியின் வயிற்றுக் கணக்கு. அனுபியாஸ் போன்ற நிழல்செடிக்கு 20, 30 மைக்ரோமோலே போதும். அதை அளக்கும் கருவியின் விலையில் இன்னும் சில தொட்டிகள் வாங்கலாம் ஆதலால், ஆய்வாளர் கண்ணால் அளந்தார். அது மீண்டும் லூமன் என்பது ஒப்புக்கொள்ளப்படுகிறது.

கள ஆய்வு

இரண்டாம் விளக்கு சிவப்பும் நீலமும் மட்டும் உமிழ்வது, எங்கெல்மன் மெச்சியிருப்பார். ஏற்றியதும் ஹால் ஆம்னி பஸ் ஆயிற்று. திருப்பி அனுப்பப் பச்சை ஒளி இல்லாததால் இலைகள் கறுத்துத் தெரிந்தன. செடி உண்ண ஏற்றது, கண் காண ஏலாதது. பக்கத்து வீட்டார் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "ஏதாவது விசேஷமா?" என்று விசாரித்த அன்றே அது கழற்றப்பட்டது.

மூன்றாவது, 6500 கெல்வின் பகல் வெள்ளை. நன்றாகவே இருந்தது. நல்லதை எதற்கு அணைப்பது என்று தினம் 12 மணி நேரம் எரித்ததில் பத்தே நாளில் கண்ணாடி முழுதும் பாசி. சுரண்டினால் போயிற்று, மறுநாள் வந்தது. கடைக்காரரிடம் முறையிட்டதில், "லைட்டக் கொறைங்க சார். ஆறு மணி நேரம் போதும்" என்றார். இரண்டு விளக்குக்கான செலவுக்கு முன்பே இதைச் சொல்லியிருக்கலாமே என்றதற்கு, "நீங்க கேக்கலையே சார்" என்றார்.

இங்கே இலக்கியச் சான்று துணைக்கு வருகிறது. குறுந்தொகையின் 399-ஆம் பாட்டில் பரணர், தலைவியின் பசலைக்கு ஊருணிப் பாசியை உவமையாக்கினார். தொட்டால் விலகும், விட்டால் பரவும். இது பிரிவுத்துயர் பற்றிய பாட்டு என்பர் உரையாசிரியர். பிளேடால் கண்ணாடி சுரண்டிய எவரும் இது தொட்டிப் பராமரிப்புப் பற்றியது என்பர்.

பசலை என்ற சொல்லில் ஆய்வு திரும்பியது. இலை வெளிறியதும் பசலைதானே? ஒளி போதாத செடி மெலிந்து நீளும். அடி இலைகளை உதிர்க்கும். துளிர் மட்டும் வெளிறினால் பெரும்பாலும் பிரிந்து சென்றவன் இரும்பு. வளர்ச்சியை நிர்ணயிப்பது மிகக் குறைவாக உள்ள சத்தே என்பது லீபிக் பெயரால் வழங்கும் விதி. இரும்பில்லாத செடிக்கு ஒளியைக் கூட்டுவது, அரிசி இல்லாத வீட்டில் அடுப்பைப் பெரிதாக எரிப்பது. செடி உண்ணாத வெளிச்சத்தைப் பாசி உண்டது. வேரடியில் உர மாத்திரை இரண்டு புதைத்து, பழைய கிளிப் விளக்கையே மாட்டியதும் சில வாரங்களில் வந்த துளிர் பச்சையாக வந்தது. தென்னிந்திய, இலங்கை ஓடைகளின் நிழலில் பிறந்த கிரிப்டோகொரைன் இனத்துக்கு ஓசி விளக்கே போதுமாக இருந்தது. ஆய்வின் அடிப்படையே தவறு என்பது இதனால் பெறப்படும். எனினும் அக்காரணத்தால் ஆய்வைக் கைவிடும் மரபு நம்மிடம் இல்லை.

முடிவுரை

எனில் மூன்றாம் விளக்கைக் கழற்றிவிடலாம். ஒரு மாலை அதற்கென ஆய்வாளர் ஸ்டூல் போட்டு ஏறியபோது, தொட்டியடியில் அம்மா அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். "டேய், அத ஏன்டா கழட்டற? இந்த ஹால்ல வேற எது எரியுது?" என்றார். எதிரே பேத்தி அதே வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இலைக்கு எத்தனை மைக்ரோமோல் என்று ஆறு மாதம் ஆராய்ந்தவர், அவரைக்காய்க்கு எத்தனை என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை.

எனவே ஆய்வு முடிவுகளாவன: செடிக்குக் கிளிப் விளக்கு, காலை 3 மணி நேரம், டைமர் வழியாக. மாலை 6 முதல் 9 வரை பகல் வெள்ளை, வீட்டாருக்காக; மொத்தம் 6 மணி நேரம், கடைக்காரர் வாக்கு. இடைப்பட்ட நேரத்தில் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு மீண்டும் சேரும். செடிக்கும் அது நல்லது.

கட்டுரையை வீட்டில் வாசித்துக் காட்டியபோது, தூண்டுகோலாக இருந்தவர் முழுதும் கேட்டுவிட்டு ஒன்றே சொன்னார்: "அப்ப நீங்க ஆறு மாசமா வாங்கிட்டு இருந்தது டியூப்லைட்டுதான்."