டீச்சரம்மாவுக்கு ஒரு வெந்நீர்ச் சோதனை

வா கண்ணு, குந்து. பி.எட். முடிய இன்னும் ஒரு பருவம்தான் பாக்கின்னு உங்க அம்மா சொன்னா. அதுக்குள்ள நடையே மாறிப்பூட்ச்சே! கழுத்துல தொங்கறது இன்னா, பென்டிரைவா? இருக்கட்டும், இருக்கட்டும். எங்க வாத்தியாரு பெரம்போட வந்தாரு, நீ பென்டிரைவோட போற. ரெண்டுல எது தொலைஞ்சாலும் அன்னிக்குப் பிள்ளைங்களுக்குக் கொண்டாட்டம்தான்.

கற்பித்தல் பயிற்சிக்குப் போன எடத்துல ஸ்மார்ட்டு போர்டு வெச்சி நாப்பது நிமிஷம் பாடம் நடத்தினியாம், ஒரு பிள்ளை கூட வாயத் தொறக்கலியாம். தெருவெல்லாம் சொல்லிக்கினு வர்ற. நானுந்தான் சினிமாக் கொட்டாயில மூணு மணி நேரம் வாயத் தொறக்க மாட்டேன். அதுக்காக எனக்கு யாரு மார்க்கு போட்டாங்க?

சரி, கெழவன்கிட்ட யோசனை கேட்டு வந்துட்ட. மீசை மொளைச்ச நாள்லேந்து ஆம்பூரு தோல் ஷாப்புல சுண்ணாம்புத் தண்ணியில நின்ன காலு இது. படிப்பு அஞ்சாங்கிளாஸோட சரி. ஆனா உத்தியோகத்துல பொழைக்கிற வழி எல்லா எடத்துலயும் ஒண்ணுதான், கேட்டுக்கோ.

மொதல்ல போட்டோ. பாடம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போர்டு மேல ஒரு வெரலை வெச்சிக்கினு, மொகத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்பி, ஒரு போட்டோ புடிச்சி வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடு. மேல கீறவங்க கட்டைவெரலைத் தூக்கிக் காட்டிட்டாங்கன்னா பாதிப் பாடம் முடிஞ்சிது. அப்பால வீடியோவைத் தட்டி வுட்டுட்டு, பள்ளிக்கூடக் கணக்கை ஏத்தற எமிஸைத் தெற. எத்தினி பேரு வந்தான், எத்தினி பேரு வரல, யாருக்குப் புஸ்தகம் குடுத்த, யாருக்கு ஷூ குடுத்தன்னு கேக்கும். ஷூ தெச்சி ஒலகத்துக்கே அனுப்பற ஊருல ஒக்காந்துக்கினு, எந்தப் பிள்ளைக்கு எந்த சைஸுன்னு ஏத்திக்கினு இரு. சிக்னலு கெடைக்கலன்னா வேப்பமரத்தாண்ட போ. போர்டு மேல ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை மட்டும் கிழிச்சிடாத, ரிமோட்டை எட்மாஸ்டரு பீரோவுல பூட்டி வெக்க மறந்துடாத. பிள்ளைங்க கைப்படாத பொருளு என்னிக்குமே கெடாது. இப்பிடியே ஒழுங்கா இருந்தா ஒரு செப்டம்பர் 5-ந் தேதி உனக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது நிச்சயம். அந்தப் பெரியவரு நம்ம வேலூரு ஊரீஸ் காலேஜ்ல படிச்சவரு. அவரு வாத்தியாருங்க யாரும் போர்டாண்ட நின்னு போட்டோ புடிச்சதா நான் கேள்விப்படல.

மொறைக்காத. புதுசா ஒண்ணு வந்தா எடுத்து பீரோவுல வெக்கிறது இன்னிக்கு நேத்துப் பழக்கமில்ல. 1987-ல டெல்லிக்காரங்க கரும்பலகைத் திட்டம்னு ஒண்ணு கொண்டாந்தாங்க. ஒத்தை வாத்தியாரு பள்ளிக்கூடத்துக்கு ரெண்டாவது வாத்தியாரு, ரெண்டு ரூமு, பாடம் நடத்தச் சாமானு. சாமானுப் பெட்டியைத் தெறந்தா ஒடைஞ்சதுக்குக் கணக்கு ஒப்பிக்கணுமேன்னு தெறக்காமலே ரிட்டயர்டு ஆனவங்க கீறாங்க. 2004-ல படிப்புக்குன்னே எடுசாட்னு ஒரு சாட்டிலைட்டை ஸ்ரீஹரிகோட்டாவுலேந்து வுட்டாங்க. 2011-ல பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு லேப்டாப்பு. 2018-ல புதுப் புஸ்தகத்துல கியூஆர் கோடு, 2019 ஆகஸ்ட்டுல கல்வித் தொலைக்காட்சி. அப்பால ஐஸ்கூல்ல ஹைடெக் லேபு, தொடக்கப் பள்ளியில 22,931 ஸ்மார்ட் வகுப்பறை, 79,723 வாத்தியாருங்களுக்கு டேப்லெட்டு. எல்லாம் பேப்பர்ல போட்டதுதான், டீக்கடையில தெனம் வாசிக்கிறோமே! வாங்கறதுல நம்மள அடிச்சிக்க ஆளு கெடையாது.

ஆனா ஒரு காலத்துல நம்ம சரக்கை சீமைக்காரன் எடுத்துக்கினு போனான், தெரியுமா? உங்க பி.எட். புஸ்தகத்துல ரெண்டு வரி இருந்தாலும் இருக்கும், அஞ்சு மார்க்குக்கு. டீக்கடை பெஞ்சுல குந்தற ரிட்டயர்டு எட்மாஸ்டரு எனக்கு முழுசா சொன்னாரு. ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரி, 1789-ல மெட்ராசு எழும்பூர்ல அனாதைப் பசங்க ஆசிரமத்தைப் பாத்துக்க வந்தாரு. இந்த ஊருத் திண்ணையில பிள்ளைங்க மணலைப் பரப்பி வெரலால எழுதறதைப் பாத்து, நம்ம பசங்களுக்கும் இத்தையே வெக்கலாமேன்னு நெனைச்சாரு. அங்க சம்பளம் வாங்கின வாத்தியாருங்களுக்கு அது புடிக்கல. மணல்ல எழுத்து வருமா, ஆவாத காரியம்னுட்டாங்க. பாதிரி விடல. ஒரு எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டு நீ சொல்லிக் குடுடான்னாரு. அவன் சொல்லிக் குடுத்தான், சின்னப் பசங்க எழுதினாங்க. 1797-ல லண்டன்ல அத்த புஸ்தகமா போட்டாரு. மெட்ராஸ் சிஸ்டம்னு பேரு வெச்சி இங்கிலாந்துல பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா பரப்பினாங்க. மணலுக்கு ஒரு காசு செலவில்ல. ஆனா பிள்ளை வெரலு அதும் மேல பட்டுது பாரு. உன் போர்டு மேல நாப்பது நிமிஷத்துல எத்தினி பிள்ளை வெரலு பட்டுது?

பாரு, பதிலு வரல.

நம்ம காலத்துலயும் மதனப்பள்ளி பக்கத்துல ரிஷிவேலிப் பள்ளிக்கூடத்துல, பிள்ளைங்க அட்டையை எடுத்து அதுங்களே படிக்கிற மாதிரி ஒரு வழி கண்டுபுடிச்சாங்க. அத்த வெச்சிதான் 2003-ல மெட்ராசு கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துல செயல்வழிக் கற்றல் வந்துது, 2007-ல தமிழ்நாடு பூராவும். அப்ப போர்டைச் செவுத்துல கீழ எறக்கி, தரையில குந்தின பிள்ளை கைக்கு எட்டற உசரத்துல அடிச்சாங்க. இப்ப ஸ்மார்ட்டு போர்டை மறுபடி வாத்தியாரு உசரத்துக்குத் தூக்கி மாட்டிட்டோம். முன்னேத்தம்னா மேல ஏறணுமில்ல!

நான் மிஷினு வேணாங்கற ஆளு இல்ல கண்ணு. எங்கப்பன் காலத்துல ஆவாரம்பட்டை போட்டுத் தோலு பதம் பண்ணுவாங்க. குழியில வாரக்கணக்கா ஊறணும். அப்பால குரோமு உப்பு வந்துது, பெரிய மர டிரம்மு வந்துது. தோலைப் போட்டு, உப்பைக் கொட்டி, கரண்டு மோட்டரு சுத்தினா ஒரே நாள்ல தோலு நீலமாயிடும். புதுசா வேலைக்கு வந்த பையன் எட்டிப் பாத்துட்டு, மேஸ்திரி, ஆயிப்பூட்ச்சின்னு கத்துவான். மேஸ்திரி சிரிப்பாரு. கத்தியை எடுத்து, கழுத்துப் பக்கம் தடியா கீற எடத்துல ஒரு கீத்து அறுத்துக் காட்டுவாரு. மேலயும் கீழயும் நீலம், நடுவுல பச்சை வெள்ளை. உள்ள ஒண்ணும் போவல! இன்னும் சுத்துடாம்பாரு. அறுத்த எடம் பூரா நீலமானாலும் ஆளு நம்ப மாட்டாரு. ஒரு துண்டு வெட்டி, கொதிக்கிற தண்ணியில ரெண்டு நிமிஷம் போடுவாரு. பதமான தோலு போட்ட மாதிரியே வெளிய வரும். பதமாவாத தோலு சுருண்டு உருண்டை ஆயிடும். அதுக்கப்புறந்தான் டிரம்மை நிறுத்துவாரு.

டிரம்மு வந்துதுன்னு மேஸ்திரியை வூட்டுக்கு அனுப்பல, பாத்துக்கோ. அவருக்குத்தான் சோலி கூடிப்பூட்ச்சு. முன்னல்லாம் குழித்தோலு தப்பா போனா திருத்திக்க நாளிருக்கும். டிரம்முல ஒரு வேளை அசந்தா மொத்த லோடும் போச்சு.

உன் வகுப்புலயும் பிள்ளைங்க மேலாக்கப் பாத்தா நீலந்தான். வீடியோ முடிஞ்சதும் புரிஞ்சிதான்னு கேட்ட, புரிஞ்சிது டீச்சர்னு கோரஸு போட்டாங்க. நீ டிரம்மை நிறுத்திட்டு டிக் அடிச்சிட்ட. கத்தி எங்க? கடைசி பெஞ்சுல, ஜன்னலாண்ட, தடியா ஒருத்தன் குந்திக்கினு இருப்பான். அவனை எழுப்பி, போர்டை அணைச்சிட்டு, நீ பாத்ததை உன் வாயால சொல்லுடான்னு கேளு. கேக்க பயமா கீதுன்னா ஒரு சுருக்கு வழி கீது. கரண்டு நிக்கிற அன்னிக்குப் பாடம் நடத்து. வெந்நீரு தானா கொதிக்கும்.

இந்த வூட்டுப் பாடம் சங்கதி வேற. கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி வூட்ல வீடியோ பாத்துட்டு வாங்கன்னு சொன்னியாம். நம்ம ஊரு டீச்சரு பேசற பேச்சா இது? விடிகாலையில கம்பெனி பஸ்ஸு ஏறிப் போற அம்மாங்க எத்தினி பேரு இந்தத் தெருவுல! வூட்டுக்கு ஒரு போனு, அது அம்மா பையில கீது. ராத்திரி அவ வந்து, அடுப்பு மூட்டி, சோறாக்கி முடிக்கும்போது பிள்ளை தூங்கிப்பூடும். 2020-ல பள்ளிக்கூடத்தை மூடினாங்களே, சின்னக் கிளாஸுக்குத் தெறக்க 2021 நவம்பர் ஆச்சு. அந்த ஒண்ணரை வருசத்துல எந்த வூட்ல போனு கீது, எந்த வூட்ல இல்லன்னு ஒவ்வொரு டீச்சரும் தெருத் தெருவா தெரிஞ்சிக்கினாங்க. அதுக்குள்ள மறந்தாச்சா?

பாஷையையும் பாரு. உன் கிளாஸுல பாதிப் பிள்ளைங்க வூட்ல உருது பேசுதுங்க, நாலு பிள்ளை தெலுங்கு. தெருவுல எல்லாம் ஒண்ணா தமிழ்ல வெளையாடுதுங்க. வீடியோவுல வர்ற அம்மா பேசற தமிழு இந்த ஊருல எவனும் பேசாத தமிழு. அந்தம்மா நிறுத்தாம பேசிக்கினு போவுது. நீ நடுநடுவுல நிறுத்தி, ஷபானாவைப் பாத்து, இத்த உங்க வூட்ல இன்னா சொல்வீங்கன்னு கேட்டா, பாடம் கொஞ்சம் லேட்டாவும். ஆவட்டுமே. நிறுத்தற பட்டன் எதுக்குக் கீது?

இன்னொன்னு, இது கிண்டலில்ல. குரோமு வந்தப்ப தோலு எத்தினி நாள்ல வெளிய வரும்னு எல்லாரும் கணக்கு போட்டாங்க. கழுவின தண்ணி எங்க போவும்னு எவனும் போடல. பாலாத்துல எறங்கி, கெணத்துல எறங்கி, வேலூர்க்காரங்க வழக்கு போட்டு, 1996-ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்ற வரைக்கும் போச்சு. இன்னும் தீரல. நீ பிள்ளை கையில போனைக் குடுத்து அஞ்சு நிமிஷம் பாடம் பாருங்கற. அது பாத்துடும். ஆறாவது நிமிஷத்துல அந்தக் கண்ணு எந்தப் பக்கம் பாயுதுன்னு உன் பாடத்திட்ட நோட்டுல எந்தக் கட்டத்துல எழுதியிருக்க?

பாடத்திட்டம்னதும் ஞாபகம் வருது. அத்தையும் சாட்ஜிபிடியை எழுதச் சொல்றியாமே. உங்க அக்கா தெர்மாகோல் மாடலைக் கடையில வாங்கி ரெக்கார்டோட வெச்சா, இப்ப நீ துட்டே இல்லாம வாங்கற, முன்னேத்தந்தான். படிச்சிக் காட்டினியே நேத்து, பிள்ளைங்க தோட்டத்துல ஆப்பிளைப் பறிச்சி எண்ணட்டும்னு. ஆம்பூர்ல எந்தத் தெருவுல ஆப்பிளு காய்க்குது? பிரியாணிக் கடையில எத்தினி பிளேட்டு போச்சின்னு எண்ணச் சொன்னா என் பேரன் பெருக்கலே போடுவான். அது எழுதட்டும், வேணாங்கல. எழுதினதை நம்ம ஊருக்கு எறக்கறது உன் வேலை. அந்த வேலையையும் அதுங்கிட்ட குடுத்துட்டா, சம்பளத்தையும் அதுக்கே குடுத்துடலாம்னு எவனாவது கணக்கு போடுவான். கணக்கு போடறவனுங்க நெறைய பேரு கீறானுங்க.

அப்ப எதுக்குத்தான் போர்டுன்னு கேக்கறியா? கண்ணுக்கு எட்டாதது கீது பாரு, அதுக்கு. ஆலங்காயத்துக்கு மேல காவலூர்ல வானம் பாக்கற எடம் கீதே. 1986-ல அங்க ரெண்டே கால் மீட்டருக்கு மேல அகலமான கண்ணாடி வெச்ச டெலஸ்கோப்பைத் தெறந்தாங்க. 1988-ல அந்த மலையிலேந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபுடிச்சி, அதுக்குக் கணக்குப்புலி ராமானுஜன் பேரை வெச்சாங்க. ஜவ்வாது மலைப் பிள்ளைங்க அந்த வெள்ளைக் கும்மட்டத்தைத் தெனம் பாக்குதுங்க, உள்ள இன்னா தெரியுதுன்னு பாத்ததில்ல. அங்க உனக்குப் போஸ்டிங் போட்டா போர்டுல சனிக்கெரகத்து வளையத்தைக் காட்டு. வெதை மொளைக்கிறதை ஓட்டிக் காட்டு. கண்ணு மங்கலா கீற பிள்ளைக்கு எழுத்தைப் பெருசாக்கிக் காட்டு. பாலு தயிராவற பாடமா இருந்தா மட்டும் வீடியோ போடாத, டீக்கடையில ஒரு டம்ளரு பாலு வாங்கிக்கோ.

சரி, உனக்கு ஒரு சோதனை. நாளைக்கு நீ ஏழாங்கிளாஸுக்குப் பரப்பளவு நடத்தற, இல்ல? செவ்வகம், சதுரம், நீளம் பெருக்கல் அகலம். அதெல்லாம் வீடியோ நடத்திடும். ஆட்டுத்தோலுக்கு நாலு காலு, கழுத்து, வாலு, ஒரு பக்கமும் நேரா இருக்காது. ஆனா தோலைச் சதுர அடிக் கணக்குலதான் விக்கிறோம். இப்ப மிஷினுல வுட்டா அதுவே அளந்து நம்பரு போடுது. மிஷினு இல்லாம நீ எப்பிடி அளப்ப?

ஏய், போன்ல எங்க கைய வெக்கிற? குடு இங்க. இது இங்கயே கெடக்கட்டும், உங்க ஆயா சீரியலு பாக்கணுங்கறா. பதிலு தெரிஞ்சதும் வந்து வாங்கிக்கோ. தெரியலன்னா உன் கிளாஸுல ஜன்னலாண்ட குந்திக்கினு இருக்கானே, அவனைக் கேளு. அவங்க அப்பன் தோல் ஷாப்புலதான் கீறான்.