செம்பட்டி நாற்சந்தியில் ‘ஸ்’ விகுதி: ஓர் ஆய்வு

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையும் ஒட்டன்சத்திரத்திலிருந்து நிலக்கோட்டை வழியாக மதுரை போகும் சாலையும் செம்பட்டியில் வெட்டிக்கொள்கின்றன. பழனி, கொடைக்கானல், தேனி, மதுரை என்று எந்தத் திசைக்குப் போகிறவர்களும் இங்கே இறங்கி ஏறுவது வழக்கம். ஆங்கிலப் பன்மையும் இங்கேதான் பஸ் மாறுகிறது என்பதை அறிஞர் உலகம் இதுவரை கவனிக்கத் தவறிவிட்டது. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சிக்கல் என்னவென்று பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ‘ஆஃப்’, ‘இன்’ என்று ஏதாவது ஒன்று வால்போல ஒட்டிக்கொண்டு வரும். ஒரே ஒருவர் என்றால் ‘மெம்பர் ஆஃப் தி லெஜிஸ்லேட்டிவ் அசெம்பிளி’. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் இருப்பதுபோல் 234 பேர் என்றால், ‘மெம்பர்ஸ் ஆஃப் தி லெஜிஸ்லேட்டிவ் அசெம்பிளி’. பன்மையைக் காட்டும் ‘ஸ்’ தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, வாலுக்கு ஒன்றுமில்லை. மருமகன்கள் ‘சன்ஸ் இன் லா’, வழிப்போக்கர்கள் ‘பாஸர்ஸ் பை’. தமிழிலோ தலை கடைசியில் இருக்கிறது. ‘சட்டமன்ற உறுப்பினர்’ என்பதில் உறுப்பினர்தான் தலை, அவர் பின்னால் நிற்கிறார். ஆகவே ‘கள்’ளும் பின்னாலேயே போய் நிற்கிறது. நடுவில் விகுதி போடும் பழக்கம் நமக்குப் பரம்பரையிலேயே கிடையாது.

இந்த இரண்டு முறைகளும் மோதும்போது யார் ஜெயிப்பது? செம்பட்டியில் மோதலே நடப்பதில்லை. வாலை வெட்டிவிடுகிறார்கள், அதோடு விவகாரம் முடிந்தது. நிலம் வாங்கி விற்கும் புரோக்கரிடம் ‘பவர் ஆஃப் அட்டர்னி’யின் பன்மை என்ன என்று கேட்டுப் பாருங்கள். ‘பவர்ஸ் ஆஃப் அட்டர்னி’ என்பது இலக்கணப் புத்தகத்தின் பதில். “அந்த எடத்துக்கு ரெண்டு பவர் இருக்குண்ணே, பாத்து வாங்குங்க” என்பது அவர் பதில். ‘ஆஃப்’ போனது, அட்டர்னி போனது, ‘ஸ்’ போனது. ரெண்டு மட்டும் மிஞ்சியது. வில்லங்கம் எத்தனை என்று தெரிந்துகொள்ள அது போதும்.

எண் வந்துவிட்டால் பன்மை எதற்கு என்பது தமிழனின் பழைய கணக்கு. அஃறிணைப் பெயர் ‘கள்’ ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம், ஏற்காவிட்டால் எண்ணிக்கையை வினைச்சொல் காட்டிக்கொடுக்கும் என்று தொல்காப்பியம் இதற்கு இடம் விட்டிருக்கிறது. நன்னூல் அதற்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று பெயரே வைத்துவிட்டது. ஒட்டன்சத்திரம் சந்தையில் போய் ‘இரண்டு கிலோ தக்காளிகள்’ கேட்டால் கடைக்காரர் உங்களை வெளியூர் என்று முடிவு செய்து விலையைக் கூட்டுவார். இலக்கணப் பிழைக்கு உடனடி அபராதம் விதிக்கும் இடம் அது ஒன்றுதான்.

தக்காளியை இன்னும் கொஞ்சம் உருட்டிப் பார்க்கலாம், ஏனென்றால் ஆங்கிலேயர் வழுக்கி விழுவதும் இதில்தான். ‘தி பிரைஸ் ஆஃப் டொமேட்டோஸ்’ என்று தொடங்கினால் ஏறியது விலை, அது ஒருமை. ஆனால் வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் நிற்பவை தக்காளிகள், அவை பன்மை. பக்கத்தில் நிற்பவரின் தோளைத் தொட்டு ‘ஹேவ்’ என்று சொல்லிவிடுகிறார் லண்டன்காரர். ‘ஹேஸ்’ அல்லவா என்று அவருடைய வாத்தியார் தலையில் அடித்துக்கொள்கிறார். நாம் ‘தக்காளி விலை ஏறிருச்சு’ என்கிறோம். விலை கடைசியில் வந்து வினையை ஒட்டி நிற்கிறது, நடுவில் புகுந்து குழப்ப ஆளே இல்லை. விலை ஏறுவதைத் தடுக்க முடியாவிட்டாலும் அதைப் பிழையில்லாமல் சொல்லும் வசதியாவது தமிழனுக்கு வாய்த்திருக்கிறது.

அப்படியானால் செம்பட்டிக்காரர் ‘ஸ்’ஸையே பயன்படுத்துவதில்லையா? தாராளமாகப் பயன்படுத்துகிறார், எண்ணுவதற்குத்தான் இல்லை. இங்கேதான் இக்கட்டுரையின் மையக் கருதுகோள் வருகிறது: ‘ஸ்’ என்பது பன்மை விகுதி அன்று, மரியாதை விகுதி.

பஸ் கண்டக்டரின் வாக்கியத்தைச் சான்றாக வைக்கிறேன். “ஒரு லேடீஸ் கைக்குழந்தையோட நிக்கிறாங்க, யாராச்சும் ஒரு ஜென்ட்ஸ் எந்திரிச்சு எடம் குடுங்க.” நிற்பவர் ஒருவர், எழ வேண்டியவரும் ஒருவர், இருவருக்கும் ‘ஸ்’. வெறும் ‘லேடி’ என்று சொல்லிவிட்டு அந்தக் கண்டக்டர் வத்தலக்குண்டு வரை நிம்மதியாக டிக்கெட் கிழிக்க முடியாது. ‘அவர்’, ‘நீங்க’, ‘தலைவர் அவர்கள்’ என்று ஒருவரைப் பலராக்கி உயர்த்தும் மரபில், ஆங்கிலத்திலிருந்து வந்த ‘ஸ்’ ‘ங்க’ளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

கடைப் பலகைகள் இதை உறுதி செய்கின்றன. ஹார்டுவேர்ஸ், ஃபர்னிச்சர்ஸ், எலக்ட்ரிக்கல்ஸ், டிராவல்ஸ். ஹார்டுவேருக்கும் ஃபர்னிச்சருக்கும் ஆங்கிலத்தில் பன்மையே கிடையாது என்று படித்தவர்கள் சிரிக்கிறார்கள். முதல் போட்டுக் கடை வைத்தவர் தன் கடையை ‘ஹார்டுவேர்’ என்று மொட்டையாக அழைக்க மனம் வராமல் ‘ஸ்’ சேர்த்தார் என்பது அவர்களுக்குப் புரிவதில்லை. டீக்கடைக்கு மட்டும் ‘டீ ஸ்டால்ஸ்’ என்று பலகை வைப்பதில்லை. டீக்கடைக்காரருக்குத் தன் மரியாதை தனியாக வந்து சேரும் என்ற நம்பிக்கை போலும். தனியார் நடத்திய காலத்தில் மதுக்கடைக்கு ‘ஒயின்ஸ்’ என்று பெயர். உள்ளே பெரும்பாலும் பிராந்திதான், ஆனாலும் மரியாதை குறையவில்லை. 2003இல் டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்தது. கடைக்கு எண் வந்தது, ‘ஸ்’ உதிர்ந்தது. எண் வரும் இடத்தில் பன்மை நிற்காது என்ற நம் முதல் விதியை அரசே நிரூபித்த நிகழ்ச்சி இது.

இதையெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒருவரைப் பன்மையில் சொல்வதும் ஒரு பொருளைப் பன்மையில் சொல்வதும் உயர்த்திச் சொல்லும் உலக வழக்கு, இலக்கண வழி அல்ல என்று கிளவியாக்கத்தில் தொல்காப்பியர் தனி நூற்பாவே செய்திருக்கிறார். லேடீஸுக்கு முதல் பாதி, ஒயின்ஸுக்கு இரண்டாம் பாதி.

ஒரே ஒரு தரவு மட்டும் முரண்டு பிடிக்கிறது. ‘ஒரு சாக்ஸ்’ என்கிறோம், ‘ஒரு பேண்ட்’ என்கிறோம். பாதத்துக்குக் கிடைக்கும் ‘ஸ்’ இடுப்புக்குக் கிடைப்பதில்லை. கொள்கைக்குப் பணியாத தரவை அடிக்குறிப்புக்கு அனுப்புவது ஆய்வு மரபு. இக்கட்டுரைக்கு அடிக்குறிப்பு இல்லை.

மீண்டும் சட்டமன்ற உறுப்பினரிடம் வருவோம். மரியாதை எப்போதும் பெயரின் கடைசியில் போய் நிற்கும். அதனால்தான் நம் பத்திரிகைகள் ‘எம்.எல்.ஏ.க்கள்’ என்று அச்சிடுகின்றன. ஆங்கிலக் கணக்குப்படி பன்மை ‘எம்’முக்கு அல்லவா போக வேண்டும் என்று எதிர்வாதம் வரலாம். ஆங்கிலேயரும் சுருக்கி எழுதும்போது ‘எம்.எல்.ஏ.ஸ்’ என்றுதான் எழுதுகிறார். ‘பிரிஸனர்ஸ் ஆஃப் வார்’ கூட ‘பி.ஓ.டபிள்யூஸ்’ ஆகிவிடுகிறது. அவசரத்தில் அவரும் தமிழராகிவிடுகிறார். அந்த ‘க்’ வேண்டுமா வேண்டாமா என்று பிழைதிருத்துவோர் நடத்தும் போர் தனி. வத்தலக்குண்டுக்காரரான சி.சு. செல்லப்பா 1959இல் பத்திரிகை தொடங்கியபோது ‘எழுத்து’ என்று ஒருமையில் பெயர் வைத்துத் தப்பித்துக்கொண்டார். பன்மையில் வைத்திருந்தால் முதல் இதழுக்கு முன்பே எழுத்துகளா எழுத்துக்களா என்று சண்டை வந்திருக்கும்.

கடைசியாக, பள்ளிக்கூடங்களில் அதிகமாகச் சிவப்பு மை செலவாகும் வாக்கியம்: ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’. ‘ஆஃப்’புக்குப் பின்னால் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்று பன்மைதான் வர வேண்டும் என்பது விதி. மாணவன் மனதில் ஓடுவதோ ‘நம்ம ஃப்ரெண்டு ஒருத்தன்’. சொல்ல வந்தது ஒருவனைப் பற்றி. வராத மற்ற நண்பர்களையெல்லாம் எதற்கு இழுத்து வந்து நிறுத்த வேண்டும்? அதிலும் நெருங்கிய நண்பனுக்கு மரியாதை விகுதி போட்டால் நாம் கோபித்துக்கொண்டதாக அவன் நினைப்பான்.

ஆகவே பிழை மாணவனுடையது அன்று. இருந்தாலும் தேர்வு எழுதப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: விடைத்தாளில் மட்டும் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்றே எழுதிவிடுங்கள். திருத்துகிறவர் செம்பட்டிக்காரராகவே இருந்தாலும் விடைக்குறிப்பு வேறு ஊரிலிருந்து வருகிறது.